கடைசி ஏழு கிலோமீட்டர்

இந்த வருஷக் கணக்கு: முழு மாரத்தான் ஒன்று, அரை இரண்டு, கழன்று விழுந்த கால் நகம் மூன்று. வீட்டம்மாவுக்கு நகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

ஜனவரியில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 5 கி.மீ. ஓடிவிட்டு பிடோக் படகுத்துறையில் உட்கார்ந்தவன், மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அங்கிள் தண்ணீர் பாட்டிலை நீட்டும்வரை எழவில்லை. நம்ம ஊரில் விடியுமுன்னே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. உடம்புச் சூடு இறங்காது. அதனால் மெதுவாக ஓடணும். அந்த 'மெதுவாக' பிடிபடவே எனக்கு நாலு மாதம் ஆச்சு. ஜூனில் முழங்கால் மக்கர், ஆறு வாரம் நீச்சல்குளம். அது கிடக்கட்டும்.

புக்கிட் தீமா குன்று வெறும் 164 மீட்டர்தான். ஒரே காலையில் ஐந்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், அந்த 'வெறும்' தானாக உதிர்ந்துவிடும்.

டிசம்பர் மாரத்தானில் 35-வது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. மீதி ஏழுக்கும் நடையும் நொண்டலும்தான். 5 மணி 48 நிமிடம். போனில் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "எத்தனாவதா வந்தே?"

ஞாயிறு காலை மெக்ரிட்சியில் 12 கி.மீ. வர்றவங்க வாங்க. முடிச்சதும் தேக்காவில் தோசை, என் செலவு.