நஜ்முன்னிசாவுக்கு ஒரு வரி

ஹைதராபாத்தில் ஒரு நூலகத்தில் பழைய உருது நூல்களுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலையில் சேர்ந்த புதிது. ஒவ்வொரு நூலுக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுத வேண்டும். கவிஞர் மீர் ஹசனின் ‘சிஹ்ருல் பயான்’ வந்தபோது முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு, ‘இளவரசன் பேநசீருக்கும் இளவரசி பத்ரே முனீருக்கும் உண்டான காதல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பிரிவின் மூத்தவரை எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டார்: “நஜ்முன்னிசா எங்கே, பேட்டா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலையே படிக்க உட்கார்ந்தேன்.

1785 வாக்கில் முடிந்த மஸ்னவி, அதாவது ஈரடிகளால் ஆன நீண்ட கதைப்பாட்டு, அது. ஈரடிக்கு ஈரடி இயைபு மாறுவதால் கதை தடையில்லாமல் ஓடும். மொட்டை மாடியில் நிலவொளியில் தூங்கும் பேநசீரை மாஹ்ருக் என்ற பரி, அதாவது தேவதைப் பெண், தூக்கிப் போகிறாள். இரவில் உலவிவர ஓர் இயந்திரக் குதிரையும் தருகிறாள். அதில் பறந்துபோனவன் பத்ரே முனீரின் தோட்டத்தில் இறங்கி அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். பரிக்கு விஷயம் தெரிந்ததும் அவனைக் கிணற்றில் தள்ளி அடைத்துவிடுகிறாள். இளவரசி அழுது உருகுகிறாள். மந்திரியின் மகள் நஜ்முன்னிசாதான் ஜோகினி என்னும் பெண் துறவி வேடம் போட்டு, பீன் என்ற நரம்பு வாத்தியத்தைத் தோளில் சுமந்து காட்டுக்குக் கிளம்புகிறாள். நிலா வெளிச்சத்தில் அவள் வாசிப்பதைக் கேட்டு, ஜின்களின் அரசன் மகன் ஃபிரோஸ் ஷா மயங்கி நிற்கிறான். பேநசீரை மீட்டுத் தந்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிடுகிறாள்!

தோழிக்காக வீட்டைவிட்டு, தனியாக, வாத்தியத்தை மட்டும் நம்பிப் போனவளை நான் ஒரு வரியில்கூடச் சேர்க்கவில்லை. அது என்னை மிகவும் உறுத்தியது. அப்புறம் வரும் கல்யாண வர்ணனைகளில் வடநாட்டில் அந்தக் கால அவத் சீமையே நகையும் உடையும் ஆட்டமுமாக எழுந்து நிற்கிறது. ஆனால் என் மனம் அந்தக் காட்டிலேயே இருந்தது.

மறுநாள் குறிப்பைத் திருத்தினேன். ஆபா படித்துவிட்டு, “இது சரி” என்றார்.

அதோடு விடவில்லை. தயாசங்கர் நசீமின் ‘குல்ஸாரே நசீம்’ நூலுக்கு முந்தின வாரம்தான் எழுதியிருந்தேன்: ‘தந்தை இழந்த கண்பார்வையை மீட்க இளவரசன் மலர் தேடிச் செல்லும் கதை.’ அந்த மலரைப் பறிகொடுத்த பரி பகாவலி, ஆண் வேடமிட்டுத் திருடனைத் தேடி வருகிறாளே! அந்தக் குறிப்பு அட்டையையும் திருத்த உருவி எடுத்தேன்.