வாராவாரம் மெக்னீசியம் பார்க்கணுமுங்களா?

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) பற்றிக் கேட்பதைவிட மெக்னீசியம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அளந்து பார்க்கும் கிட்டுக்கு ஒரு விலை, தொட்டியில் ஊற்றுகிற மெக்னீசியக் கரைசல் பாட்டிலுக்குத் தனி விலை. அதனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் முன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருந்தேன். அங்கே கால்சியமும் மெக்னீசியமும் எதிரிகள். தண்ணீரில் அவை தங்கிவிட்டால் துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இவற்றை நீக்கும் சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சோதிப்போம். ஃபிளாஸ்க்கில் தண்ணீர், அதில் அம்மோனியா பஃபர், நிறம் மாறிக் காட்ட ஒரு சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ பியூரெட்டிலிருந்து சொட்டச் சொட்ட, ஒயின் சிவப்பு மெல்ல ஊதாவாகி, ஒரு சொட்டில் நீலமாகிவிடும். கடினத்தன்மை 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) தாண்டினாலே டையிங் மாஸ்டர் சத்தம் போடுவார். அதே கணக்கில் கடல்நீரின் கடினத்தன்மை 6,000 பிபிஎம்முக்கு மேல். அதில் பெரும்பங்கு மெக்னீசியம்தான். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,290 மில்லிகிராம் மெக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன.

இவ்வளவு மெக்னீசியம் எதற்கு? கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரையக்கூடிய அளவைத் தாண்டித்தான் இருக்கின்றன. சும்மா விட்டால் சுண்ணாம்பாகப் படிந்துவிட வேண்டியவை. படிகம் வளரத் தொடங்கும்போது மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. அது குறைந்தால் நாம் ஊற்றும் கால்சியமும் கேஎச்சும் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் மோட்டாரிலும் வெள்ளையாகப் படியும்.

அப்படியானால் வாராவாரம் அளக்க வேண்டியதுதானே என்று தோன்றும். கோவையில் ஒரு வாடிக்கையாளர் அப்படித்தான் செய்துவந்தார். ஓய்வுபெற்ற மில் மேலாளர், கணக்கில் கறார். நோட்டை நீட்டி, "தம்பி, போன வாரம் 1,320. இந்த வாரம் 1,260. அறுபது எங்கீங்க போச்சு?" என்றார். கடையில் சொன்னபடி ஒவ்வொரு சரிவுக்கும் பாட்டிலைத் திறந்து ஊற்றியும் வந்திருக்கிறார்.

எங்கும் போகவில்லை. நிறம் மாறும்வரை ஊசியிலிருந்து சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டு, ஒரு மில்லி தீர்ந்தால் 1,500 என்று படிக்கும் கிட் அது. ஊசியில் 0.02 மில்லி கூடினாலே 30 பிபிஎம் மாறிவிடும். அவர் சோதித்தது தொட்டியின் நீல விளக்கடியில் வேறு. அங்கே எல்லாமே நீலம்தான், நிறம் எப்போது மாறியது என்று யாருக்குத் தெரியும்? அதே கிட்டை வாசல் திண்ணைக்கு எடுத்துப்போய், வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். 1,300 வந்தது. மறுபடி பார்த்தோம், 1,290.

அவர் தொட்டியில் இருந்தவை ஜோவான்தஸ், மஷ்ரூம், லெதர். எல்லாம் கல்லாகச் சுண்ணாம்பு கட்டாத மென்பவளங்கள். கல் பவளங்கள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம். வெளிநாட்டில் தொட்டி நிறையக் கல் பவளம் வளர்ப்பவர்களின் சோதனை அட்டவணையை நாம் அப்படியே பின்பற்றுவதில் அர்த்தமில்லை. அவர் தொட்டியில் கேஎச் வாரத்துக்கு 1 டிகிரி குறையும். அதற்கு ஈடாகக் கால்சியம் 7 பிபிஎம் போயிருக்கும். மெக்னீசியம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம்கூட வராது. பாறையில் சுண்ணாம்பு படியவைக்கும் பிங்க் பாசி நிறைய இருந்தால் சற்றுக் கூடும், அவ்வளவுதான். வாரம் 1 பிபிஎம் குறைவதை 30 பிபிஎம் ஆடும் கிட்டில் பிடிக்கப் பார்த்தால், அளக்கப்படுவது நம் கைதான்.

ஆனால் மெக்னீசியத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் காலையில் கேஎச்சை 8க்கு ஏற்றினால் மறுநாள் 6. ஹீட்டரை வெளியே எடுத்தால் நகத்தால் சுரண்டும் அளவுக்கு வெள்ளைப் பொருக்கு. மணலும் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. முதலில் உப்பளவைப் பார்த்தேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்குக்குப் பதில் 32 இருந்தால் மெக்னீசியமும் தானாக 1,180 ஆகிவிடும், அதற்கு மருந்து ஊற்றக் கூடாது, உப்பைச் சரிசெய்ய வேண்டும். அங்கே உப்பு சரியாகவே இருந்தது. மெக்னீசியம் 1,080. சமீபத்தில் வேறு கம்பெனி உப்பு வாளிக்கு மாறியிருக்கிறார்கள். அந்த உப்பை ஆர்ஓ தண்ணீரில் புதிதாகக் கலக்கி அளந்தால் அதிலும் குறைவு. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் பற்றாக்குறையையும் சேர்த்தே ஊற்றியிருக்கிறார்கள்.

200 லிட்டர் தொட்டியில் 200 பிபிஎம் ஏற்ற 40 கிராம் மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டில் 12 சதவீதம்தான் மெக்னீசியம் என்பதால், சுமார் 335 கிராம். அதை நான்கு நாளாகப் பிரித்து, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். அப்புறம் கேஎச் இறங்காமல் நின்றது.

பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் கேட்டார், "ஏனுங்க, தென்னைக்குப் போடற மெக்னீசியம் சல்பேட் ஒரு மூட்டை கெடக்குதுங்க. அதுல ஒரு கை அள்ளிப் போட்டா ஆகாதுங்களா?"

"உரத்துக்கு வர்ற சரக்குல வேற என்னென்ன கலந்திருக்கும்னு தெரியாதுங்க. சல்பேட்டை மட்டுமே போட்டுட்டு வந்தா அதுவும் தேங்கிக்கும். உங்க தொட்டி 1,300ல நிக்குது, எதுக்குங்க போடணும்?" என்றேன்.

"அப்ப கிட்டும் வாங்க வேண்டாமுங்களா?"

"கேஎச் கிட் வாங்கிக்குங்க, வாரம் ஒருக்கா பாருங்க. ஊத்தியும் அது நிக்கலைன்னா போன் பண்ணுங்க. புது உப்பு வாளி பிரிச்சாலும் சொல்லுங்க. மெக்னீசியத்தை நான் வந்து பார்த்துத் தர்றேன்."