ஒரே கண், பத்து நிமிடத்தில் மூன்று எண்கள்

கண் மருத்துவமனை ஸ்கேன் அறையில் எனக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. கெரட்டோகோனஸ் உள்ளவர்களோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "போன தடவைய விடக் கூடியிருக்கா சார்?" கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய் இது. கூடியிருந்தால் கிராஸ் லிங்கிங், அதாவது ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை. கூடவில்லை என்றால் காத்திருக்கலாம்.

அன்று வந்த பையனுக்கு 19 வயது. கருவிழியின் மிகச் செங்குத்தான புள்ளியின் வளைவைக் கேமேக்ஸ் என்போம். அதை டயாப்டர் என்ற அலகில் சொல்வோம், ஒரு வருடத்துக்குள் 1 டயாப்டர் ஏறினாலே நோய் கூடுகிறது என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இவனுக்கு ஆறு மாதம் முன்பு 54.1, இப்போது 55.6. அவனுடைய அம்மா அங்கேயே நின்று பணத்துக்காக யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார். கருவிழியை ஸ்கேன் செய்யும் எங்கள் மெஷின் பென்டாகாம், ஸ்கேன் தரம் 'ஓகே' என்றுதான் காட்டியது, இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. "தம்பி, நல்லா கண்ணை மூடித் திற" என்று சொல்லி மறுபடி எடுத்தேன், 54.7. இன்னொரு தடவை, 54.3. கண் அதேதான், மெஷினும் அதேதான், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றைப் புள்ளி என்பதால் கண்ணீர்ப் படலம் கொஞ்சம் காய்ந்தாலோ பார்வை லேசாக விலகினாலோ எண் ஆடிவிடும், அதுவும் நோய் முற்றிய கண்ணில் இன்னும் அதிகமாக ஆடும்.

அப்புறம் கான்டாக்ட் லென்ஸை எப்போது கழற்றினான் என்று கேட்டேன். அம்மா "ஒரு வாரம் ஆச்சு" என்றார், பையன் தரையைப் பார்த்துக்கொண்டு "நேத்து ராத்திரி" என்றான். கடின லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும், இரண்டு மூன்று வாரமாவது போடாமல் இருந்துவிட்டு வந்தால்தான் அளவை நம்பலாம். மூன்று வாரம் கழித்து மூன்று ஸ்கேன் எடுத்துச் சராசரி பார்த்தோம், கால் டயாப்டர்கூட ஏறவில்லை. டாக்டர் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்.

இதை வைத்து என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருடம் 16 வயதுப் பெண் ஒருத்திக்குக் கேமேக்ஸ் அசையவில்லை என்று பார்த்துவிட்டு 'மாற்றமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அவளுடைய கருவிழியின் மிக மெல்லிய இடம் 478 மைக்ரானிலிருந்து 451க்கு இறங்கியிருந்ததும், பின்புற வளைவு கூடியிருந்ததும் அதே தாளில்தான் இருந்தன. டாக்டர் விரலை வைத்துக் காட்டியபோது எனக்கு வார்த்தை வரவில்லை. முன்புற வளைவு, பின்புற வளைவு, தடிமன், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு மாறியிருக்க வேண்டும், அந்த மாற்றம் மெஷினின் வழக்கமான ஆட்டத்தைத் தாண்டியதாகவும் இருக்க வேண்டும் என்று 2015லேயே உலக அளவில் நிபுணர்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். படித்திருந்தேன், அன்று காலை நோயாளிகள் நெரிசலில் மறந்துபோனேன். அந்த வயதில் நோய் வேகமாக ஓடும் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே மூன்று ஸ்கேன் எடுத்து வைத்துவிடுகிறேன். வேறு மெஷினில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் வாங்கிப் பார்ப்பேன், ஆனால் எங்கள் எண்ணோடு கழித்துப் பார்க்க மாட்டேன். இதனால் வெளியே வரிசை நீள்கிறது, ஒருவருக்கு எதற்கு இத்தனை தடவை என்று இன்சார்ஜ் வாரம் ஒருமுறையாவது வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.