இடப்பக்கம், வலப்பக்கம்

பனிச்சிறுத்தை ஆய்வில் வேலை என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், உடனே அடுத்த கேள்வி, எத்தனை பார்த்தீர்கள்? மூன்று வருடத்தில் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று. அதுவும் எதிர்ச் சரிவில், தொலைநோக்கி வழியாக, அது தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஒரு தடவை வாலைத் தூக்கி இடம் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். படத்தில் பார்த்ததற்குக் கணக்கில்லை. ஆனால் அதைவிடப் பல மடங்கு நான் பார்த்தது புல்.

புல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தானியங்கி கேமராவில் இருக்கும் உணரி, சூடான ஏதோ ஒன்று அசைகிறதா என்றுதான் பார்க்கும். வெயிலில் காய்ந்த பாறைக்கு முன்னால் காற்றுக்கு நாலு புல் ஆடினாலும் அதற்கு விலங்குதான். லடாக்கில் ஒரு முகட்டில் கேமரா வைத்தபோது எதிரே இருந்த புல் குத்து ஒன்றைப் பிடுங்காமல் இறங்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மூச்சு வாங்க ஏறிப்போய் எடுத்து வந்த மெமரி அட்டையில் பதினோராயிரம் படம், அத்தனையும் புல். பேட்டரி மூன்றாவது வாரமே செத்திருந்தது. அன்றிலிருந்து கேமராவைக் கட்டி முடித்ததும் அதன் முன்னால் நானே நாலு காலில் தவழ்ந்துபோய்ச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கூட வருகிற உள்ளூர்ப் பையன்கள் அதைத் தங்கள் போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும்.

படங்களைப் பிரிக்கும் வேலை குளிர்காலத்தில். வெளியே போக முடியாது, குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும், அடுப்புப் பக்கம் ஒரு மேசை, அதில் கணினி. ஒவ்வொரு பனிச்சிறுத்தைக்கும் உடம்பில் இருக்கும் வளையப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. எனவே புள்ளிகளை ஒப்பிட்டு இது அதே ஆள், இது புது ஆள் என்று பிரிக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. குளிர் ரோமம் அடர்ந்து நீண்டுவிட்டால் புள்ளிகளின் ஓரம் கலங்கிப்போகும், உடம்பை வளைத்தால் புள்ளியும் வளையும், இரவுப் படமென்றால் பாதி வெளிறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இடப்பக்கப் புள்ளிக்கும் வலப்பக்கப் புள்ளிக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு இடத்தில் ஒரு கேமராதான் வைத்திருந்தால், போகும்போது இடப்பக்கத்தையும் வேறொரு நாள் திரும்பும்போது வலப்பக்கத்தையும் காட்டிவிட்டுப் போகிற ஒரே பூனை, மேசையில் இருப்பவருக்கு இரண்டு பூனை.

முதல் வருடம் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு பள்ளத்தாக்குக்கு ஏழு என்று எழுதிக் கொடுத்தேன், உள்ளுக்குள் பெருமை வேறு. எங்கள் குழுத்தலைவி அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘ஐந்துப்பா’ என்றார். திட்டவில்லை. இரண்டு பக்கமும் தெரிகிற படம் கிடைக்காதவரை ஒரே பக்கத்தை மட்டும் எண்ணு, சந்தேகம் இருந்தால் எண்ணாதே, அதற்குத்தான் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம் என்றார். எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே தோற்றுப்போன மாதிரி இருக்கும். ஏழிலிருந்து ஐந்துக்கு வந்ததில் ஏதோ நானே இரண்டைக் கொன்றுவிட்டது போல இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, இதில் தடுமாறியவன் நான் மட்டும் இல்லை. 2020இல் வந்த ஓர் ஆய்வில், உயிரியல் பூங்காக்களில் இருக்கும் 16 பனிச்சிறுத்தைகளின் படங்களை எட்டுப் பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். விடை முன்பே தெரிந்த கணக்கு. எட்டில் ஒரு பங்கு படங்கள் தப்பாகப் போயின, மொத்த எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. தப்பு பெரும்பாலும் ஒரே திசையில்தான், ஒன்றை இரண்டாக்குவது. இல்லாத பூனைகள் தாளில் பிறக்கின்றன. இதற்கு மூன்று வருடம் முன்னால், 2017இல், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயூசிஎன் உலகப் பட்டியலில் பனிச்சிறுத்தையை ‘அழியும் ஆபத்தில்’ என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி ‘பாதிக்கப்படக்கூடியது’ என்று மாற்றியிருந்தார்கள். வயது வந்தவை 2,710 முதல் 3,386 வரை என்ற மதிப்பீடு அதற்கு அடிப்படை. துறைக்குள்ளேயே பெரிய சண்டை. அது வாழும் பரப்பில் எண்ணிக்கை ஒழுங்காக எடுக்கப்பட்ட இடம் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை என்னும்போது, அந்தப் படியை இறக்க என்ன அவசரம் என்பது என் எண்ணமும்கூட. மேசையில் உட்கார்ந்து ஏழு எழுதினவன் சொல்கிறேன்.

இந்தியாவின் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில் வந்த எண் 718, அதில் 477 லடாக்கில். 2019 முதல் 2023 வரை வேலை நடந்து 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். 1,971 இடங்களில் கேமரா, எச்சமும் தடமும் தேடி 13,450 கிலோமீட்டர் நடை. படத்தில் தனித்தனியாக அடையாளம் கண்டது 241தான், மீதி அதை வைத்துக் கணித முறையில் மதிப்பிட்டது. செய்தியில் 718 மட்டும் வந்தது. 241 எங்கும் தலைப்பாக வரவில்லை.

சரி, மேசையை விட்டு வெளியே வருகிறேன். இரண்டாவது வருடம் மார்ச்சில் ஒரு கிராமத்திலிருந்து தகவல், பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் இறங்கிவிட்டது என்று. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் விலங்கு போய்விட்டது. ஆடுகள் கிடந்தன. இருபத்து மூன்று, செம்மறியும் வெள்ளாடுமாக. கல் சுவர் வைத்த பட்டி, பாதிக்குக் கூரை, மீதி திறந்த வெளி. மேலேயிருந்து குதித்திருக்கிறது. ஓட வழியில்லாமல் ஆடுகள் சுற்றிச் சுற்றி மிரள மிரள அதற்கும் நிறுத்தத் தெரியாது, அடித்துக்கொண்டே இருக்கும். தின்றதென்னவோ ஒன்றில் பாதி. இதைப் படித்திருந்தேன். படித்தபோது வாடை வரவில்லை.

பட்டிக்காரர் எழுபதைத் தாண்டியவர், ஊரில் எல்லோரும் மேமே லே என்றுதான் கூப்பிட்டார்கள், தாத்தாவுக்கு அங்கே அப்படி. நானும் அப்படியே கூப்பிட்டேன். என் அரைகுறை இந்தியும் அவருடைய அரைகுறை இந்தியும் ஏறக்குறைய சமம் என்பதால் நன்றாகவே பேசிக்கொள்ள முடிந்தது.

‘உங்கள் கேமராவில் இந்தப் பக்கம் எத்தனை இருக்கிறது?’ என்றார்.

‘ஐந்து, மேமே லே.’

‘ஐந்தா’ என்றார். ‘எனக்கு ஒன்றே போதும், பேட்டா.’

காலையில் அவர் வந்தபோது அது பட்டிக்குள்ளேயேதான் இருந்ததாம், ஏறி வெளியேற வழி தெரியாமல். மகன் கல்லை எடுத்துவிட்டான். அவர்தான் தடுத்துக் கதவைத் திறந்து விட்டிருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் இப்படி அகப்பட்டால் உயிரோடு விட்டதில்லை என்பதையும் அவரே சொன்னார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது.

‘வராமல்? கதவைத் திறந்ததும் ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. நடந்து போனது.’

பன்னிரண்டு நாடுகளில் பனிச்சிறுத்தை இருக்கிறது. அவற்றில் வருடத்துக்கு 221 முதல் 450 வரை கொல்லப்படுவதாக காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் 2016ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது, பாதிக்கு மேல் கால்நடையை அடித்ததற்குப் பழிவாங்கலாக. தோலுக்கென்றே வேட்டையாடுவது ஐந்தில் ஒன்றுதான். ஆக, கடத்தல்காரனைவிட ஆடு வளர்ப்பவரின் ஒரு காலை நேரத்துக் கோபம்தான் இந்த விலங்கின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் கோபம் அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் நஷ்டஈட்டுப் படிவம் எழுதினோம். வயது, நிறம், கறவையா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அவர் ஒவ்வொன்றின் காதையும் கொம்பையும் தொட்டு, இது இன்னாருடைய குட்டி, இது போன வருடம் பனியில் கால் உடைந்தது, இது முரடு என்று சொல்லிக்கொண்டே போனார். இருபத்து மூன்றிலும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பணம் வந்தது, பதினொரு மாதம் கழித்து, சந்தை விலையில் பாதிக்கும் கீழே.

கோடையில் போய் அந்தப் பட்டிக்குக் கூரை போட்டோம். எங்கள் பங்கு கம்பிவலையும் கதவும், ஊர்க்காரர்கள் பங்கு கல்லும் பாப்லர் கழிகளும் உழைப்பும். இலவசமாக எல்லாவற்றையும் செய்துகொடுத்த இடங்களில் இரண்டு குளிர்காலத்தில் வலை வேறெதற்கோ போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தப் பங்கு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூரை கஷ்டமில்லை, கதவுதான் கஷ்டம். மரக்கதவு காய்ந்து சுருங்கி அடியில் இடைவெளி விழும், அங்கே கையை விட்டு அளந்து பார்த்து மறுபடி கல் வைக்க வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கிப்பர் கிராமத்தார் 2002இல் தங்களுக்குள்ளேயே சந்தா போட்டுக் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள், அதற்கும் முன்பே ஒரு பகுதி நிலத்தில் மேய்ப்பதை நிறுத்திக் காட்டு நீல ஆடுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். காட்டில் இரை இருந்தால் பட்டிக்கு வரும் தேவை குறையும் என்பது கணக்கு, ஆனால் நீல ஆடு பெருகினால் அதைத் தேடி வரும் பனிச்சிறுத்தையும் கூடும் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அது தெரிந்தேதான் செய்தார்கள்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதிகளும் முகாம்களும் கொட்டும் மிச்சத்தில் கோடையில் பெருகி, குளிரில் ஆளில்லாத ஊரில் பட்டினியாகக் கூட்டம் சேர்ந்து மலையேறுகின்றன. நீல ஆட்டைத் துரத்துகின்றன, பனிச்சிறுத்தை அடித்த இரையையே பறிக்கின்றன. வெள்ளாட்டின் மென்ரோமமான பஷ்மினாவின் விலை ஏற ஏற வெள்ளாட்டின் எண்ணிக்கையும் ஏறுகிறது, புல் அதே புல்தான். இதற்கெல்லாம் கம்பிவலை கிடையாது.

மேமே லே கேட்டுக்கொண்டதால் பட்டிச் சுவருக்கு வெளியே ஒரு கேமரா வைத்தேன். புல்லை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான். அடுத்த வசந்தத்தில் அட்டையைக் கழற்றி, அவர் வீட்டு அடுப்படியிலேயே மடிக்கணினியில் போட்டோம். நாய், நாய், மருமகள் தண்ணீர்க் குடத்தோடு, நாய், நான் தவழும் படம் ஒன்று. பிப்ரவரியில் ஓர் இரவு, இரண்டேகால் மணிக்கு, படத்தின் ஓரத்தில் தடித்த வாலும் பின்னங்காலும். அடுத்த படத்தில் வெறும் சுவர். அதன் பிறகு ஒன்றும் இல்லை. உள்ளே ஆடுகள் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கின்றன.

அதேதானா என்று கேட்டார். நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கமா வலப்பக்கமா என்றே தெரியவில்லை. அவர் திரையில் அந்த வாலின் மேல் விரலை வைத்து, நடை அதே நடைதான் என்றார். நான் தலையாட்டிவிட்டு, ‘அடையாளம் தெரியவில்லை’ கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.