ஜெர்மனிக்கு ஆடப்போன ஒரு கேட்சர்: காகிதத்தில் போன பன்னிரண்டு ஆட்டங்கள்

நான் அமெரிக்காவில் ஆடிய கேட்சர்; பிட்ச்சர் வீசும் பந்தை பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவன். ஜெர்மனியின் முதல்நிலை பேஸ்பால் லீக்கான புண்டஸ்லிகாவில் ஆட ஒரு கிளப் கூப்பிட்டபோது, கஷ்டமெல்லாம் மைதானத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன். புது பிட்ச்சர்கள், புது மொழி எல்லாம் இரண்டே வாரத்தில் பழகிவிட்டன. என் சீசனைத் தின்றது காகிதம்தான். அடுத்த வருஷம் போக நினைக்கிற கேட்சர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அமெரிக்க மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2020-ல் கொரோனாவால் ஐந்தே சுற்றோடு முடிந்தது. என்னை யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்படாதவர்களுக்கு ஒப்பந்தப் பணம் அதிகபட்சம் 20,000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. 2021, 2022 இரண்டு சீசனும் லோ-ஏ எனும் கீழ்நிலை மைனர் லீக்கில் ஆடினேன். வாரம் 500 டாலர், அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும். 2022 அக்டோபரில் முழங்கால் வலி தாங்காமல் 'போதும்' என்றேன். ஒரு பாரம் அனுப்பினார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அது அணி என்னை விடுவிக்கும் ரிலீஸ் பாரம் இல்லை, நானே ஆட்டத்திலிருந்து விலகும் ஓய்வுப் பாரம். ரிலீஸ் ஆனவன் மறுநாளே வேறு அணியோடு பேசலாம். ஓய்வுப் பட்டியலில் பெயர் ஏறினால் உரிமை பழைய அணியிடமே இருக்கும். அவர்கள் விட்டால்தான் உண்டு. 2023 பிப்ரவரியில் ஜெர்மன் கிளப் "ரிலீஸ் கடிதம் அனுப்புங்கள்" என்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. ஐந்து மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. ஃபோனை எடுத்தவர் "எழுதிப் போடுங்கள்" என்று வைத்துவிட்டார். கடைசியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பழைய கோச்சைக் கூப்பிட்டேன். அவர் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னார், மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வலி, கோபம், களைப்பு எது இருந்தாலும் சரி, ரிலீஸ் கேளுங்கள். ஓய்வு என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமலே ஜெர்மனியில் இறங்கலாம். தங்கும் அனுமதிக்கு அங்கே போய் 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். ஆனால் அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்யக் கூடாது. இந்தக் கடைசி வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் முகவரிப் பதிவு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அது செல்லாதாம். வீட்டுக்காரர் 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று கையெழுத்துப் போட்ட தனித் தாள் வேண்டும்: வோனுங்ஸ்கேபர்பெஷ்டெடிகுங். வாய்க்குள் நுழையாவிட்டாலும் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் விடுமுறையில் போயிருந்தார். பத்து நாள் வீண்.

அப்புறம் வெளிநாட்டவர் அலுவலகம். அங்கிருந்த அதிகாரி அம்மா என் ஒப்பந்தத்தைப் புரட்டி, சம்பள வரியில் பேனாவை வைத்தார். அறை, விமான டிக்கெட், மாதம் 400 யூரோ. "தொழில்முறை வீரர் என்றால் சம்பளம், ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தா கணக்கிடும் உச்சச் சம்பள வரம்பில் பாதியாவது இருக்க வேண்டும்" என்றார். அந்த வருஷக் கணக்குக்கு அது மாதம் 3,650 யூரோ. ஜெர்மனியில் பேஸ்பால் கிளப் எதுவும் எனக்கு அவ்வளவு தராது. வேறு வழி உண்டா என்று கேட்டேன். "அது நீங்கள் பார்க்க வேண்டியது" என்று கோப்பை மூடினார். அந்தப் பதில் இன்னும் வலிக்கிறது. ஏனென்றால் வழி இருந்தது, அது அவர் மேஜையில் தினமும் வந்து போகிற வழிதான்.

அதைச் சொன்னது எதிரணி கேட்சர். எஃப்.எஸ்.ஜே எனும் தன்னார்வச் சேவை ஆண்டு. 27 வயது ஆகாதவர்கள் விளையாட்டுக் கிளப்பிலும் அதைச் செய்யலாம். எனக்கு அப்போது 25. முழுநேர வேலை: பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி, மைதானப் பராமரிப்பு, வருஷத்தில் 25 நாள் வகுப்பு. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், மருத்துவக் காப்பீடு உண்டு. ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக்கொண்டு அதே அம்மாவிடம் போனேன். இந்த முறை இருபது நிமிஷத்தில் முடிந்தது. உங்களுக்கு 27 ஆகவில்லை என்றால் கிளப்பிடம் முதல் கடிதத்திலேயே இதைக் கேளுங்கள்.

அனுமதி வரும்வரை ஆட முடியாமல், வார இறுதிக்கு இரண்டு ஆட்டம் என்று ஆறு வாரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பிட்ச்சர் தடுமாறும்போது எழுந்து போய் இரண்டு வார்த்தை பேச முடியாமல் நிற்பது ஒரு கேட்சருக்கு எவ்வளவு பாரம் என்று தொப்பி போட்டவர்களுக்குத் தெரியும்.

மே கடைசியில் முதல் ஆட்டம். பிட்ச்சர் பதினெட்டு வயதுப் பையன், கண் கொஞ்சம் மங்கல். எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று நான் சைகை காட்டும் விரல் சாயங்கால வெளிச்சத்தில் தெரியவில்லை என்றான். கடையில் வெள்ளை நகப்பூச்சு வாங்கி வலது கை நகங்களில் பூசிக்கொண்டேன். உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே ஒற்றை விரலைக் காட்டினேன். அவன் தலையாட்டினான். பந்து கையுறையில் வந்து விழுந்த சத்தத்துக்கு, வேலியோரம் நின்ற என் பள்ளிப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.