எக்ஸ்ரே அறை: சுவர் எழும்பும் முன்பே பார்க்க வேண்டியவை

சிறிய மருத்துவமனைக்கு எக்ஸ்ரே அறை வரையும்போது நாங்கள் முதலில் கேட்பது, சுவருக்கு அந்தப்பக்கம் யார் உட்காருவார்கள் என்பதுதான். தரைத்தளத்தில் கட்டடத்தின் மூலை கிடைத்தால் பாதித் தலைவலி குறையும். மேலேயும் கீழேயும் ஆள் புழங்கும் மாடி என்றால் தளக் கான்கிரீட்டின் கனத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏஇஆர்பி) பொது எக்ஸ்ரேக்குக் கேட்கும் அறைப் பரப்பு குறைந்தது 18 சதுர மீட்டர்; சிடி ஸ்கேன் என்றால் 25. சுவருக்கு 9 அங்குலச் செங்கல். ‘ஏஏசி பிளாக்கும் (காற்றுக் குமிழ்கள் கொண்ட லேசான கான்கிரீட் கல்) 9 அங்குலம் வருமே’ என்பார் மேஸ்திரி. விடக்கூடாது. அதன் எடை செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கதிரைத் தடுக்க அந்த எடை போதாது. ஹாலோ பிளாக்கும் உதவாது. செங்கல்லிலேயே கட்டினாலும், சுவிட்ச் பெட்டிக்கு 3 அங்குலம் குடைந்தால் அங்கே மிச்சம் 6தான். அதனால் இந்த அறையில் மட்டும் வயரிங்கைச் சுவரைக் குடையாமல் அதன் மேற்பரப்பிலேயே ஓட்டச் சொல்வோம். ஏசி குழாய்க்கான துளையையும் ஆள் உயரத்தில் போட விடுவதில்லை.

நோயாளியை நிறுத்தி மார்பு எக்ஸ்ரே எடுக்கும் செஸ்ட் ஸ்டாண்டின் பின்சுவரில்தான் நேர்க்கதிர் விழும். அது வெளிச்சுவராக இருப்பது நல்லது. கதவு, கருவியை இயக்கும் கன்ட்ரோல் பேனல், காத்திருப்போர் இருக்கும் பக்கமாக அது ஒருபோதும் வேண்டாம். பேனல் எக்ஸ்ரே கருவியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, 1.5 மி.மீ. ஈயத் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

ஜன்னல் 2 மீட்டருக்கு மேல். அந்த உயரம் வெளித்தரையிலிருந்து அளக்கப்படுவது. வெளியே ஆம்புலன்ஸ் சாய்தளம் உயர்ந்திருந்தால், உள்ளே சரியாகத் தெரியும் ஜன்னல் வெளியே நிற்பவரின் தலைக்கு நேராக வந்துவிடும்.

கதவுக்கு நாங்கள் போடுவது 2 மி.மீ. ஈயத் தகடு. 1.2 × 2.1 மீட்டர் கதவில் தகடு மட்டுமே 57 கிலோ. சாதாரணக் கீல் சில மாதங்களில் தொங்கி, கதவு தரையை உரசும். தகட்டை ஆணியால் மட்டும் அடித்தால் அது மெல்லச் சரிந்து மேல் விளிம்பில் இடைவெளி விடும். பலகையில் ஒட்டி, இரு பக்கமும் பிளைவுட் வைத்து இறுக்க வேண்டும். கதவு நிலையிலும் ஈயம் ஏறி, கதவுத் தகட்டோடு மேற்படிய வேண்டும். பூட்டுத் துளையையும் ஈயத்தால் மறைக்க மறந்துவிடாதீர்கள்.

காகித வேலை ஏஇஆர்பியின் ஈலோரா இணையதளத்தில்: நிறுவனப் பதிவு, கதிரியல் பாதுகாப்பு அலுவலர் நியமனம், வகை ஒப்புதல் பெற்ற கருவி, பொருத்தியபின் தரச்சோதனையும் கதிர் அளவீடும், கடைசியில் இயக்க உரிமம். அளவீட்டில் கசிவு தெரிந்தால் பூச்சை உடைத்து ஈயம் ஒட்ட வேண்டி வரலாம். தரச்சோதனை 2 ஆண்டுக்கு ஒருமுறை. பணியாளர் மேல் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் 3 மாதத்துக்கு ஒருமுறை மாறும்.