கொடைக்கானல் சலேத் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ்

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலில் கூட்டம் நிறைவது ஆகஸ்டு 14, 15 தேதிகளில் நடைபெறும் திருவிழாவின்போதுதான். நான் சென்றதோ டிசம்பர் 24 அன்று. அம்மா இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. வீட்டுப் பாகம் காரணமாக அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. வாசலில் நட்சத்திரம் கட்டவும் மனம் வரவில்லை. பண்டிகை நாளில் தனியாக இருப்பவளிடம் அக்கம்பக்கத்தார் காட்டும் பரிவைத் தாங்க முடியாமல் வத்தலக்குண்டில் பேருந்து ஏறினேன்.

1860களில் இந்த ஆலயத்தை எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவான செயின்ட் சீர். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி வந்து குடியேறிய ஊரில், அழுகின்ற தாய் ஒருத்திக்குக் கோயில் வேண்டும் என்று நினைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் ஊரருகே, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்னும் இரு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதபடி அமர்ந்திருந்த ஒரு பெண்மணியைக் கண்டார்கள். அவர் இயேசுவின் தாய் மரியா என்பது திருச்சபையின் நம்பிக்கை; சலேத் மாதா என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அருகில் வாருங்கள், அஞ்ச வேண்டாம் என்று அவர் அழைத்தார். மெலனி சிறு வயது முதலே பிறர் வீட்டு மாடுகளை மேய்க்கக் கூலிக்கு அனுப்பப்பட்டவள். மாக்சிமின் தாயை இழந்து, மாற்றாந்தாயிடம் வளர்ந்தவன். ஆதரவற்ற பிள்ளைகளிடம்தான் அந்தத் தாய் தம் கண்ணீரைக் காட்டினார்.

அந்தக் காட்சியில் என் மனம் மீண்டும் மீண்டும் சென்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. கோதுமை சொத்தையாகிப்போன காலம் அது. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று அன்னை கேட்டபோது, மாக்சிமின் இல்லை என்றான். ஒருநாள் ஒரு வயலில் சொத்தைக் கதிரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், அடுத்த ஆண்டு யாருக்குச் சாப்பாடு கிடைக்குமோ, இந்த ஆண்டாவது சாப்பிடு என்று சொல்லி அவனுடைய தந்தை அவன் கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்ததை அன்னை நினைவூட்டினார். பையன் அதை அடியோடு மறந்திருந்தான். மதுக்கடையே கதியென்று கிடந்து, கோயில் பக்கம் எட்டிப் பாராமலிருந்த அந்தத் தந்தை, தான் கொடுத்த ரொட்டியை விண்ணகம் கவனித்திருக்கிறது என்று கேட்டதும் உள்ளம் உடைந்து, பின்னர் விசுவாசத்துக்குத் திரும்பினார்.

ஆலயத்தில் அமர்ந்து, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள் மாலைத் திருப்பலிக்குரிய நற்செய்தியை வாசித்தேன். மத்தேயுவின் முதல் அதிகாரம். தாமாரும் ராகாபும் உரியாவின் மனைவியும் இடம்பெறும் தலைமுறை அட்டவணை முடிந்ததும், தமக்கு நிச்சயிக்கப்பட்ட மரியா கருவுற்றிருப்பதை அறிந்து, அவரை மறைவாக விலக்கிவிடத் தீர்மானித்த யோசேப்பு வருகிறார். குடில் அமைக்கும்போது நாம் அந்த இரவை நினைப்பதே இல்லை! முறிந்துபோக இருந்த ஓர் உறவைத் தாங்கிப்பிடித்துத்தான் கிறிஸ்துமஸ் வந்திருக்கிறது. எந்தப் பெரியவரின் பஞ்சாயத்தும் யோசேப்பை மாற்றவில்லை. கனவில் வந்த வானதூதரும் அஞ்ச வேண்டாம் என்றே தொடங்கினார்.

அண்ணன் மனம் மாறுவாரா என்பது எனக்குத் தெரியாது. பாகப் பிரச்சினையும் ஒரு திருப்பலியால் தீர்ந்துவிடாது. ஆனால் நாங்கள் இருவரும் மறந்துவிட்ட நன்மைகளைக் கடவுள் மறக்கவில்லை என்பது போதுமான நம்பிக்கையாக அன்று எனக்குத் தோன்றியது. சிறு வயதில் நள்ளிரவுப் பூசை முடிந்து கேக் கொடுக்கும்போது நான் எப்போதும் அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருப்பேன். வரிசையில் நின்று தனக்குக் கிடைத்த துண்டில் பாதியைக் காகிதத்தில் மடித்து, காலையில் என்னிடம் நீட்டுபவர் அண்ணன்தான். எத்தனையோ ஆண்டுகளாக அது என் நினைவுக்கு வரவேயில்லை.

பூசைக்கு முன் அலுவலக அறைக்குச் சென்று, பூசையில் ஒருவருக்காக ஒப்புக்கொடுக்கும் கருத்து எழுத வேண்டும் என்றேன். கோயில் பணிகளில் உதவும் வயதான உபதேசியார், யாருடைய பெயருக்கு என்று கேட்டார். அண்ணனின் பெயரைச் சொன்னேன்.

“இறந்தவருக்காகவா, அம்மா?”

“இல்லை ஐயா, இருக்கிறார்.”

“அப்படியானால் விண்ணப்பமா, நன்றியா?”

“நன்றி” என்றேன். அவர் எழுதிக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.